கடலோரமாய் ஒன்பது நாள்

சென்னையிலிருந்து கன்னியாகுமரிக்குச் செல்லத் திட்டம் என்று ஒன்று தேவையில்லை என்பார்கள். இரவு உணவை முடித்துக்கொண்டு வேனில் ஏறினால், திருச்சி, மதுரை வழியாகக் காலையில் குமரி மாவட்ட எல்லையில் இறங்கிவிடலாம். சாலை அவ்வளவு அகலம், அவ்வளவு நேர். வழியில் என்ன கண்டீர்கள் என்று கேட்டால், சுங்கச்சாவடிகளைத் தவிர வேறெதையும் எவரும் சொல்வதில்லை. நான் எழுத முற்படுவது அந்தச் சாலையைப் பற்றியன்று. சாந்தோமில் தொடங்கி, கடலை இடப்புறமாகவே வைத்துக்கொண்டு, ஏறத்தாழ 750 கிலோமீட்டர் தெற்கே செல்லும் வழியைப் பற்றி. வரும் பிப்ரவரியில் எங்கள் குடும்பத்தார் எட்டுப்பேர் அவ்வழியே செல்லவிருக்கிறோம். மூன்று மாதங்களாக என் மேசைமீது ஒரு நிலப்படமும் ஒரு குறிப்பேடும் விரித்தபடியே கிடக்கின்றன.

பயணத்துக்குக் காரணம் என் தாயார். மணப்பாட்டுக்குத் தெற்கே ஒரு கடற்கரைச் சிற்றூரில் பிறந்தவர். மணமாகிச் சென்னைக்கு வந்து அறுபது ஆண்டுகளுக்கு மேலாகின்றன. தம் பெற்றோர் மறைந்தபின் பிறந்த மண்ணுக்குப் போனதெல்லாம் திருமணத்துக்கும் துக்கத்துக்கும் ஓடிப்போய் ஓடிவந்ததுதான். இப்போது 82 வயது. இதயம் நலிந்திருக்கிறது, மாலையானால் கால்கள் வீங்குகின்றன. சென்ற ஆண்டு புனித சவேரியார் திருநாளன்று திருப்பலி முடிந்து வீடு திரும்பியதும், "எனக்குக் கோயிலு காட்ட வேண்டாம் ராசா. எங்க ஊருக் கடலுக்கு முன்னால ஒரு அந்தி நேரம் உக்காரணும், அவ்வளவுதான்" என்றார். திருச்செந்தூர்வரை இரயில் இருக்கிறதே என்றேன். "ராத்திரி ரயில்ல போனா வழியில கடலு எங்க தெரியும்?" என்று கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை.

மருத்துவர் முற்றிலும் தடுக்கவில்லை. ஆனால் மூன்று நிபந்தனைகள் விதித்தார். ஒரு நாளில் நான்கு மணி நேரத்துக்கு மேல் வண்டியில் உட்காரக்கூடாது. இரண்டு மணிக்கொரு முறை இறங்கிச் சற்று நடக்கவேண்டும். இரவுப் பயணம் கூடவே கூடாது. இம்மூன்றையும் குறிப்பேட்டின் முதற்பக்கத்தில் எழுதிக்கொண்டேன். ஓர் இரவில் முடியும் பயணம் ஒன்பது நாளானது இப்படித்தான். என் மருமகன் தம் கைப்பேசியில் வழியைப் போட்டுப் பார்த்து, பதினாறு மணி நேரக் கணக்குக்கு ஒன்பது நாளா என்று சிரித்தார். கைப்பேசிக்குத் தொலைவு தெரியும். வீங்கிய கால்களை அது அறியாது.

இரவுப் பயணம் கூடாது என்பதை மருத்துவர் சொல்லாவிட்டாலும் நான் விதித்திருப்பேன். நம் பங்குகளில் நடக்கும் திருப்பயணங்களை வாசகர்கள் அறிவார்கள். இரண்டு இரவு, ஒரு பகல், ஆறு திருத்தலம் என்று துண்டறிக்கை அச்சாகும். இரவெல்லாம் பேருந்து ஓடும். பகலில் ஓட்டுநர் வெயிலில் நின்ற வண்டிக்குள்ளேயே கண்ணயர்வார். பல ஆண்டுகளுக்குமுன் அப்படியொரு வாடகைப் பேருந்தில் நானும் இருந்தேன். விடியற்காலையில் வண்டி சாலையைவிட்டு இறங்கி, ஒரு வயல் வரப்பில் மோதிச் சாய்ந்தது. உயிரிழப்பு இல்லை. ஆனால் செபமாலையைக் கையில் பிடித்தபடி உறங்கிக்கொண்டிருந்த ஒரு மூதாட்டிக்கு இடுப்பெலும்பு முறிந்தது. அதன்பின் அவர் ஆலயத்தில் முழந்தாளிட்டதை நாங்கள் கண்டதில்லை. அது தனக்கு உறக்கமில்லாத மூன்றாம் இரவு என்று ஓட்டுநர் வரப்பில் அமர்ந்து சொன்னார். அன்னையின் பெயரால் புறப்பட்ட நாற்பது பேரில் ஒருவருக்கேனும் அவரிடம், நீ உறங்கினாயா என்று கேட்கத் தோன்றியிருக்கவில்லை. ஆகவே எங்கள் செலவுக் கணக்கில், தங்கும் ஒவ்வோர் ஊரிலும் ஓட்டுநருக்கு ஒரு கட்டில் தனியாக எழுதப்பட்டிருக்கிறது. மாலை ஆறு மணிக்குப்பின் சக்கரம் உருளாது.

காலம் குறிப்பது எளிதாக இல்லை. ஆகஸ்ட் 29-ஆம் நாள் வேளாங்கண்ணியில் கொடியேறும். செப்டம்பர் 8-ஆம் நாள் அன்னையின் பிறப்பு விழா. அதற்கு முந்திய வாரங்களில் காவி உடுத்திய மக்கள் இரவும் பகலும் கடற்கரைச் சாலையோரம் நடந்து வருவார்கள். அவர்களுக்கு நடுவே வேனில் போவது அவர்களுக்கும் ஆபத்து, நமக்கும் கூச்சம். செப்டம்பர் 14-இல் மணப்பாட்டில் திருச்சிலுவைப் பெருவிழா. அங்கும் கால்வைக்க இடமிராது. அக்டோபர் முதல் டிசம்பர்வரை வடகிழக்குப் பருவமழையும் புயலும். ஏப்ரல் பிறந்துவிட்டால் வெயில். போதாததற்கு 15-ஆம் நாள் முதல் 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும் மீன்பிடித் தடைக்காலம். இவற்றையெல்லாம் கழித்தால் எஞ்சுவது சனவரிப் பிற்பகுதியும் பிப்ரவரியும்தான். அப்போது கடல் அடங்கியிருக்கும், காலை குளிர்ந்திருக்கும், வடக்கிலிருந்து வந்த பறவைகளும் இன்னும் திரும்பியிரா. பிப்ரவரி இரண்டாம் வாரம் என்று முடிவு செய்தோம்.

இந்தக் கணக்கைப் போடும்போது ஒன்று மனத்தில் உறுத்தியது. இக்கடற்கரை கண்ட இரு பெருந்துயரங்களும் கிறிஸ்து பிறப்பை ஒட்டியே வந்திருக்கின்றன. 1964 டிசம்பர் 22-ஆம் நாள் இரவு தனுஷ்கோடி. 2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை, ஆழிப்பேரலை. குடில் இன்னும் பிரிக்கப்படாத, விண்மீன் விளக்கு இன்னும் இறக்கப்படாத வீடுகளுக்குள் அன்று கடல் புகுந்தது.

முதல் நாள் சாந்தோமில் காலைத் திருப்பலி. திருத்தூதர் தோமாவின் கல்லறைமீது போர்த்துக்கீசியர் எழுப்பிய பழைய ஆலயம் இன்றில்லை. இப்போது நாம் காணும் வெண்ணிறக் கோபுரம் 1896-இல் எழுந்தது. 1545-இல் புனித சவேரியார் இக்கல்லறையருகே நான்கு மாதங்கள் தங்கி, அடுத்து எங்கே செல்வது என்று இறைவனிடம் கேட்டுக்கொண்டிருந்தார். பின் மலாக்காவுக்குக் கப்பலேறினார். வழி கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. கோவளத்தில் கார்மேல் அன்னை ஆலயத்தருகே தேநீர். மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோவிலை வார நாளில், வெயில் ஏறுமுன் பார்த்துவிடவேண்டும். இரவு புதுச்சேரி. அங்கே இளையவர்கள் கடற்கரைச் சாலையில் உலவட்டும். எனக்கு மிஷன் வீதியில், 1791-இல் கட்டி முடிக்கப்பட்ட ஜன்மராக்கினி மாதா பேராலயத்தின் முன்றிலில் ஒரு மணி நேரம் போதும். இரயில் நிலையத்தருகே 1907-இல் எழுந்த திரு இருதய ஆலயத்தின் வண்ணக் கண்ணாடிச் சாளரங்களை மாலைக்கு முன்பே பார்ப்பது நல்லது.

இரண்டாம் நாளில் நான் அடம்பிடித்துச் சேர்த்த நிறுத்தம் தரங்கம்பாடி. நமது திருத்தலம் அன்றே என்று வீட்டில் கேட்டார்கள். 1620-இல் தேனியர் கட்டிய கோட்டையும், கடல் பாதி விழுங்கிய மாசிலாமணிநாதர் கோவிலும், 1718-இல் எழுந்த புதிய எருசலேம் ஆலயமும் ஒரே கூப்பிடு தொலைவில் இருக்கின்றன. அந்த ஆலயத்துக்குள் உறங்குகிறார் சீகன்பால்கு. 1706-இல் இக்கரையில் இறங்கி, மணலில் விரலால் எழுதித் தமிழ் பயிலும் சிறுவரோடு அமர்ந்து எழுத்துக் கற்றவர் என்பார்கள். ஒன்பது ஆண்டுகளில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். நாம் இன்று பங்கில் கையில் எடுக்கும் தமிழ் விவிலியத்துக்குப் பின்னே சபை வேற்றுமை பாராமல் நன்றி சொல்லவேண்டிய கடன் ஒன்று இருக்கிறது. அதை அவ்வூரில் இறங்கிச் செலுத்துவதே முறை. காரைக்காலுக்குத் தெற்கே நாகூர் தர்காவின் ஐந்து மினார்களும் சாலையிலிருந்தே தெரியும்.

வேளாங்கண்ணியைப் பற்றி இவ்விதழின் வாசகர்களுக்கு நான் சொல்ல என்ன இருக்கிறது? பால் கொண்டுசென்ற சிறுவன், மோர் விற்ற முடவன், புயலில் தப்பிய மாலுமிகள் என்று கதை கேட்டு வளர்ந்தவர்கள் நாம். 1962-இல் திருத்தந்தை இருபத்து மூன்றாம் யோவான் அவ்வாலயத்தைப் பேராலயமாக உயர்த்தினார். அங்கே இரண்டு இரவு தங்குகிறோம். தாயாருக்கு ஒரு நாள் முழு ஓய்வு. கடைத்தெருவைத் தவிர்த்து, சுனாமியில் இறந்தோரின் நினைவிடத்துக்கு மட்டும் எல்லாரையும் அழைத்துச் செல்ல எண்ணியிருக்கிறேன். அன்று இறந்தவர்களுள் பெருந்தொகையினர் நம்மைப் போல் எங்கிருந்தோ வந்த திருப்பயணிகள். பேரப்பிள்ளைகள் பிறக்குமுன் நடந்தது, அவர்கள் அறியவேண்டும்.

அந்த ஓய்வு நாளின் விடியற்காலையில் இளையவர்கள் ஐம்பது கிலோமீட்டர் தெற்கே கோடியக்கரைக்குச் சென்று வருவார்கள். சதுப்பு நீரில் பூநாரைகள் நிற்கும். புல்வெளியில் வெளிமான்கள் மேயும். வழியில் வேதாரணியம். 1930-இல் இராசாசி திருச்சியிலிருந்து தொண்டர்களோடு நடந்துவந்து உப்பள்ளிய ஊர். உப்பளங்கள் இன்றும் இருக்கின்றன. 2018 நவம்பரில் கஜா புயல் இப்பகுதியைத்தான் முறித்துப்போட்டது. தென்னையை நட்டுக் காய்க்கும்வரை காத்திருக்கும் ஆண்டுகளை எண்ணினால், அம்மக்களின் இழப்பு ஓரளவு புரியும்.

நான்காம் நாள்தான் என்னைப் பலமுறை நிலப்படத்துக்கு முன் உட்காரவைத்தது. வேளாங்கண்ணியிலிருந்து இராமநாதபுரம் இருநூறு கிலோமீட்டருக்கும் மேல். முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், மணமேல்குடி, தொண்டி என்று அழகான, ஆளரவமில்லாத வழி. ஆனால் ஐந்து மணி நேரம் ஆகும். மருத்துவர் கணக்கைவிட ஒரு மணி கூடுதல். மேலும், வழிநெடுக அருகிலுள்ள மருத்துவமனைகளைக் குறித்து வைத்திருக்கிறேன். நாகப்பட்டினத்திலும் இராமநாதபுரத்திலும் 2022-இல் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. தூத்துக்குடியிலும் நாகர்கோவிலருகே ஆசாரிப்பள்ளத்திலும் முன்பிருந்தே உண்டு. நாகைக்கும் இராமநாதபுரத்துக்கும் இடைப்பட்ட கடலோரத்தில்தான் அத்தகைய பெரிய மருத்துவமனை இல்லை. அந்த ஒரு நாளுக்காக வழியையே மாற்றிவிடலாமா, தஞ்சை வழியாகச் சுற்றிவிடலாமா என்றுகூட எண்ணினேன். அப்படிச் சென்றால் பூண்டி மாதாவைக் காணலாம்; சற்று வடக்கே திரும்பினால் வீரமாமுனிவர் வாழ்ந்த ஏலாக்குறிச்சியையும் காணலாம். ஆசைதான். ஆனால் கடல் கைவிட்டுப் போய்விடும். தாயார் கேட்டது கடலை.

இதைத் தாயாரிடமே சொன்னேன். அவர் சிறிது நேரம் பேசாமலிருந்து, புறப்படுமுன் பங்குத்தந்தையை அழைத்து நோயிற்பூசுதல் பெறவேண்டும் என்றார். பிறகு, "தூத்துக்குடி தாண்டின பிறகு ஏதாச்சும்னா என்னைத் திருப்பிக் கொண்டுவர வேண்டாம் ராசா" என்றார். காய்கறி வாங்கச் சொல்லும் அதே குரலில் சொன்னார். என் தங்கை எழுந்து சமையலறைக்குள் போய்விட்டாள். ஒரு வாரம் வீட்டில் பயணத்தைப் பற்றிய பேச்சே இல்லை. பயணம் வேண்டாம் என்று தங்கை ஒருமுறை என்னிடம் தனியே அழுதாள். அவள் அச்சத்தில் பிழையில்லை. ஆயினும், எழுந்து நடக்கும் ஒருவரை அவர் கேட்ட ஒன்றைக் கொடுக்காமல் கட்டிலில் பத்திரப்படுத்தி வைப்பதை அன்பு என்று என்னால் ஒப்ப இயலவில்லை. இறுதியில் தங்கையும் மருந்துப்பெட்டியின் பொறுப்பைத் தானே ஏற்றுக்கொண்டாள்.

ஆக, நான்காம் நாள் இப்படி வகுக்கப்பட்டிருக்கிறது. விடிந்தும் விடியாமலும் புறப்பாடு, முத்துப்பேட்டையருகே காலை உணவு, நண்பகலுக்குமுன் ஓரியூர். அங்கே தாயார் மூன்று மணி நேரமாவது படுத்து எழ வசதி உண்டா என்று கேட்டு எழுதியிருக்கிறேன். தொண்டியிலிருந்து உள்ளே திரும்பவேண்டிய ஊர். 1693 பிப்ரவரி 4-ஆம் நாள் புனித அருளானந்தர் அங்கே தலை வெட்டுண்டார். அந்நாள் அவ்வாண்டின் திருநீற்றுப் புதன். லிஸ்பன் அரசவையில் வளர்ந்தவர். பண்டாரசுவாமியாய்க் காவியுடுத்து, மரக்கறி உண்டு மறவர் நாட்டில் நடந்தவர். ஒருமுறை போர்ச்சுகலுக்குத் திரும்ப அழைக்கப்பட்டும், அங்கே நின்றுவிட எல்லா வாய்ப்பும் இருந்தும், மீண்டும் இந்தப் புழுதிக்கே வந்து சேர்ந்தவர். சிறையில் கரியைக் கரைத்து மையாக்கித் தம் கடைசி மடல்களை எழுதினார் என்பர். அவர் குருதியால் சிவந்தது என்று மக்கள் நம்பும் செம்மணலை ஒரு சிட்டிகை முடிந்து கொண்டுவருவது வழக்கம். விழா நாளின் நெரிசல் தாயாருக்கு ஆகாது என்பதால்தான் ஒரு வாரம் தள்ளிச் செல்கிறோம்.

எம்மாவுசுக்குச் சென்ற சீடர் இருவரை இந்த மாதங்களில் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். ஆண்டவர் வழிநெடுக அவர்களோடு நடந்தார், மறைநூலை விளக்கினார், அவர்கள் கண்டுகொள்ளவில்லை. பொழுது சாய்ந்தது, தங்கும் என்று வற்புறுத்தி, ஓரிடத்தில் நின்று, அமர்ந்து, அப்பத்தைப் பிட்டபோதுதான் கண் திறந்தது. அவர்களும் நம் திருப்பயணப் பேருந்தைப்போல் அடுத்த திருத்தலத்துக்கு நேரமாயிற்று என்று ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்?

ஐந்தாம் நாள் குறைந்த தொலைவு. மண்டபத்துக்கு முன் வேதாளை என்னும் சிற்றூர். 1549-இல் இயேசு சபையின் முதல் மறைச்சாட்சி அந்தோனி கிரிமினாலி அங்கேதான் உயிர் துறந்தார். படை வருகிறது என்றறிந்து மக்களைத் தோணிகளில் ஏற்றி அனுப்பியவர், தாம் ஏறாமல் கரையிலேயே நின்றார். வேளாங்கண்ணிக்குச் செல்லும் கூட்டத்தில் ஆயிரத்தில் ஒருவர்கூட இவ்வூர்ப் பெயரைக் கேட்டிருக்கமாட்டார்கள். பிறகு பாம்பன். 1988-இல் திறக்கப்பட்ட சாலைப் பாலத்தில் வண்டியை நிறுத்துவது முறையன்று. மெல்லச் செல்லும்போதே, 1914-இல் கட்டிய பழைய இரயில் பாலத்தையும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலத்தையும் அருகருகே காணலாம். தனுஷ்கோடியில் ஆலயத்தின் இடிந்த சுவர்கள் மணலில் நிற்கின்றன. புயலடித்த அன்றிரவு அவ்வூரை நோக்கி வந்த இரயில் நூற்றுக்கும் மேற்பட்ட பயணிகளோடு கடலில் மூழ்கியது. 2017 முதல் அரிச்சல்முனைவரை நல்ல சாலை இருக்கிறது. இருபுறமும் கடல் நெருங்கிவரும் அந்தச் சாலையைக் காணத்தான் என் பெரிய பேரன் வருகிறான் என்றே சொல்லலாம். இரவு இராமேசுவரம்.

ஆறாம் நாள் தூத்துக்குடி. பனிமய அன்னையின் திருவுருவம் 1555-இல் கடல்வழி வந்தது, இன்றுள்ள ஆலயம் 1713-இல் கட்டப்பட்டது, 1982-இல் பேராலயமாயிற்று. முத்துக்குளித்துறை மக்களுக்கு அவர் ஏழு கடற்றுறைக்கும் ஏக அடைக்கலத் தாய். என் தாயார் சென்னையில் இருந்துகொண்டே ஆகஸ்ட் 5-ஆம் நாள் காலையில் தெற்கு நோக்கி நின்று செபிப்பதை நான் சிறுவயதிலிருந்து பார்த்துவருகிறேன். தாய்வீட்டை நோக்கி நிற்பதுபோலத்தான் இருக்கும். ஊரில் மக்ரூன் வாங்குவது பேத்தியின் பொறுப்பு, முட்டை வெண்கருவும் முந்திரியும் சர்க்கரையும் சேர்ந்த அந்தப் பலகாரத்தின் பெயர் ஐரோப்பியர் கொண்டுவந்தது, சுவையோ தூத்துக்குடியாருடையது.

ஏழாம் நாள் காலை புன்னைக்காயல். தாமிரபரணி கடலோடு கலக்கும் இடம். தமிழ் எழுத்தில் அச்சான முதல் நூலாகிய தம்பிரான் வணக்கத்தை 1578-இல் கொல்லத்தில் வெளியிட்ட அண்ட்ரிக் அடிகளார் இவ்வூரில் நெடுங்காலம் உழைத்து, 1600-இல் இங்கேயே இறந்தார். அது பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். ஆனால் 1586-இன் அடியார் வரலாறு அறுநூறு பக்கங்களுக்கும் மேற்பட்டது. இவ்வூரில்தான் அச்சானதாகக் கருதுகின்றனர். இலக்கிய இதழ் நடத்துகிறோம், வாசிக்கிறோம் என்று பெருமைப்படும் கத்தோலிக்கர் நாம். நம்மில் எத்தனை பேர் புன்னைக்காயலில் இறங்கியிருக்கிறோம்? மீன்வாடை வீசும் அத்தெருக்களில் ஒரு மணி நேரம் நடப்பதை, என் கணக்கில், எந்த நூலக விழாவுக்கும் ஈடாக வைப்பேன்.

திருச்செந்தூரைக் கடந்தால் செம்மண் தேரியும் பனைமரங்களும். உடன்குடியில் கருப்பட்டி வாங்கிக்கொள்ளலாம். குலசேகரன்பட்டினத்தில் இந்திய விண்வெளி நிறுவனத்தின் ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். சின்னப் பேரனுக்கு அந்த வேலியையாவது பார்க்கவேண்டும். அதன்பின் மணப்பாடு.

கடலுக்குள் நீட்டிய மணற்பாறைக் குன்று. அதன் உச்சியில் 1581-இல் எழுந்த திருச்சிலுவை ஆலயம். உள்ளே ஆண்டவர் அறையுண்ட சிலுவையின் சிறு துண்டு. குன்றின் கடற்புறச் சரிவில், அலைக்கு மிக அருகே, சவேரியார் தங்கிய குகை. அதற்குள் உப்புக்கடலின் விளிம்பிலும் நன்னீர் ஊறும் கிணறு. 1542 அக்டோபரில் இக்கரைக்கு வந்தார். தமிழ் தெரியாது. செபங்களைத் தமிழில் மொழிபெயர்க்கச் செய்து, மனப்பாடம் பண்ணி, மணியடித்துக்கொண்டு தெருத்தெருவாய்ச் சிறுவரைக் கூட்டினார். ஞானஸ்நானம் கொடுத்துக் கை சோர்ந்ததாகத் தாமே மடலில் எழுதினார். இவை நாமெல்லாம் மறைக்கல்வி வகுப்பில் கேட்டவை. அதிகம் பேசப்படாத ஒன்று 1544 சூனில் நடந்தது. வடக்கிலிருந்து வந்த படைக்கு அஞ்சிக் குமரிமுனையருகே கடற்பாறைகளில் ஒதுங்கிய மக்கள் பசியாலும் தாகத்தாலும் வாடுகிறார்கள் என்று செய்தி வந்தது. அவர் இருபது தோணிகளில் உணவும் நீரும் ஏற்றிக்கொண்டு மணப்பாட்டிலிருந்து புறப்பட்டார். எதிர்க்காற்று விடவில்லை. நாட்கணக்கில் முயன்றும் முனையை எட்ட இயலாமல், பின்னர் தரைவழியே நடந்து சென்றார். நாங்கள் இரண்டு மணி நேரத்தில் கடக்கவிருக்கும் மணல்வழி அது. அந்தப் பாறைகளில் ஒதுங்கியவர்களின் வழிவந்தவர் என் தாயார். சவேரியாரைப் பற்றிப் பேசும்போதெல்லாம், நம் வீட்டுக்கு வந்துபோன ஒரு பெரியவரைப் பற்றிப் பேசுவதுபோலவே பேசுவார்.

மணப்பாட்டில் தாயாரைக் குன்றேற்றுவதா, கீழே இருத்துவதா என்று அன்றைய நிலை பார்த்து முடிவுசெய்வோம். அன்று மாலையும் மறுநாள் முழுவதும் அவருடைய ஊரில். அந்த ஒன்றரை நாளுக்குக் குறிப்பேட்டில் நான் எதுவும் எழுதவில்லை. பக்கம் வெறுமையாக இருக்கிறது. ஒரு நாற்காலி மட்டும் சென்னையிலிருந்தே கொண்டுசெல்கிறோம்; மணலில் கால் புதையாத அகன்ற பாதமுடையதாகப் பார்த்து வாங்கியாயிற்று.

ஒன்பதாம் நாள் உவரியில் புனித அந்தோனியார் திருத்தலமும் கப்பல் வடிவில் அமைந்த அன்னையின் ஆலயமும்; குமரியில் அலங்கார உபகார மாதா. முக்கடலைக் காண எல்லாரும் போகுமிடமாதலால் அதற்குத் திட்டம் எழுதத் தேவையில்லை. மாலையில் நாகர்கோவில், கோட்டாறு சவேரியார் பேராலயம். அங்கே தேவசகாயத்தின் கல்லறைமுன் நெடுநேரம் நிற்க விரும்புகிறேன். 1745-இல் வடக்கன்குளத்தில் திருமுழுக்குப் பெற்றவர், மனைவியோடு வாழ்ந்த இல்லறத்தார், அரண்மனை ஊழியர். 1752 சனவரி 14-இல் காற்றாடிமலையில் சுட்டுக் கொல்லப்பட்டார். 2022 மே 15-இல் திருத்தந்தை பிரான்சிசு அவரைப் புனிதராக அறிவித்தபோது, இந்தியப் பொதுநிலையினருள் அந்த நிலையை எய்திய முதல் மறைச்சாட்சி ஆனார். சாந்தோமில் திருத்தூதர் கல்லறையில் தொடங்கும் வழி, நம்மைப்போல் குடும்பம் நடத்திய ஒருவரின் கல்லறையில் வந்து சேர்வது நான் வகுத்ததன்று. நிலப்படமே அப்படி வகுத்திருக்கிறது.

அடுத்த நாள் இளையவர்கள் ஆரல்வாய்மொழிக்குச் சென்று காற்றாடிமலை ஏறுவார்கள். நகரப் பேருந்திலேயே போய்வரச் சொல்லியிருக்கிறேன். எங்கள் வேன் அன்று நகராது. ஓட்டுநர் பகல் முழுவதும் உறங்குவார். அதற்கு மறுநாள் காலை, மதுரைச் சாலை வழியாகத் திரும்புவோம்.